முப்பத்து நான்கு பவுண்டு

ஜனவரி 6, திங்கள்

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. சீஸ் கலவை அடிப்பிடித்துவிட்டது. மேலாக வழித்து ஊற்றினேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு, சரியாகப் பரிமாறும் நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டினால் வருகிற அந்தப் பெரிய மருத்துவமனை. உறுப்பு கொடுப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ், பெயர் நடீன். குளிர்பதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். என் ரத்த வகை தம்பி வெஸ்லிக்குப் பொருந்துகிறது என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்ததாக, "உங்க உயரம், எடை சொல்லுங்க" என்றாள்.

உயரத்தைச் சரியாகச் சொன்னேன். எடையில் பத்து பவுண்டு குறைத்துச் சொன்னேன். அப்படியும் போதவில்லை.

"இருநூத்தி நாலுக்குக் கீழ வரணும் கார்லா. அதுவரைக்கும் மத்த பரிசோதனை எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து எடை மெஷினில் ஏறினேன். 238.

வெஸ்லிக்கும் ஒரு சிறுநீரகத்துக்கும் நடுவே என் தொப்பை நிற்கிறது. முப்பத்து நான்கு பவுண்டு.

ஜனவரி 8, புதன்

என்னோடு சமையலறையில் வேலை செய்யும் ஜானெல், தன் தங்கை இளைத்த கதையைச் சொன்னாள். 'தொண்ணூறு நாள் தீ' என்று ஒரு பயிற்சியாம். டிவியைப் பார்த்தபடி வீட்டிலேயே செய்யலாம். தினமும் நாற்பது நிமிடம், ஞாயிறு மட்டும் ஓய்வு.

"என் தங்கச்சி முப்பது பவுண்டு குறைஞ்சா. அப்படியே புருஷனையும் குறைச்சுட்டா, அது வேற விஷயம்" என்றாள்.

இந்தப் பனியில் வெளியே நடக்க முடியாது. ஜிம்முக்குப் போனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். ஆகவே எங்கள் நிலவறைதான். துணி துவைக்கும் மெஷினுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம் இருக்கிறது. என் கணவன் லைல் பழைய டிவியைக் கீழே இறக்கி மாட்டிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டான்.

திரையில் ஷேனா என்று ஒரு பெண். வயிறு சலவைப் பலகை மாதிரி இருக்கிறது. "வலிக்குதா? அப்போ சரியாப் பண்றீங்க" என்கிறாள். தரையில் விழு, எழு, குதி. மறுபடி விழு. நான் பதினொரு நிமிடம் தாங்கினேன். பிறகு சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு அவள் செய்வதைப் பார்த்தேன்.

மேலேயிருந்து லைலின் குரல். "கார்லா, ஹீட்டர் என்னமோ இடிக்குது பாரு."

"ஹீட்டர் இல்ல. நான்தான்."

"சரி" என்றான்.

ஜனவரி 9, வியாழன்

கழிவறையில் உட்கார முடியவில்லை. விழுந்தேன் என்பதுதான் சரி. எழுவதற்குத் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தேன். கம்பி கையோடு வந்துவிட்டது.

ஜனவரி 18, சனி

இன்று முழு நாற்பது நிமிடமும் முடித்தேன். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஆனாலும் முடித்தேன். 233.

சனிக்கிழமைகளில் வெஸ்லியை டயாலிசிஸுக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம். செவ்வாயும் வியாழனும் ஊர் வேன் வரும். போன ஏப்ரலிலிருந்து இப்படித்தான். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்தாறில் சர்க்கரை வந்தது, அம்மாவுக்கு வந்ததுபோலவே. மின்கம்பத்தில் குரங்கு மாதிரி ஏறுகிற வேலை செய்தவன். இப்போது என் வீட்டு வாசற்படி நான்கையும் ஏற ஒரு தடவை நிற்கிறான்.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவனை எடை பார்ப்பார்கள், எவ்வளவு தண்ணீரை எடுத்தார்கள் என்று தெரிய. இன்று ஆறு பவுண்டு.

"பார்த்தியா அக்கா. நாலு மணி நேரத்துல ஆறு பவுண்டு. உன் ஷேனாவை இங்க வரச் சொல்லு, நான் கத்துக் கொடுக்கறேன்."

சிரித்தேன். அவன் கை, ஊசி குத்திக் குத்தி, கயிறு சுற்றினது போல் புடைத்திருக்கிறது. டயாலிசிஸுக்காக அங்கே இணைத்துவைத்த ரத்தக் குழாயில் காதை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். சின்ன வயதில் அவனுக்குப் பூனை என்றாலே பிடிக்காது.

காரில் வரும்போது, "நீ எனக்காக இதெல்லாம் பண்ண வேணாம்" என்றான்.

"வாயை மூடுடா."

"சரி."

பிப்ரவரி 3, திங்கள்

230. பதினொரு நாளாக அதே 230.

என்ன தப்பு செய்கிறேன்? ஒரு நாள்கூட விடவில்லை. பாலில்லாத காபி, அவித்த முட்டை, கோஸ். இன்றைக்குப் பள்ளியில் பட்டை போட்ட இனிப்பு ரொட்டி நாள். இருநூற்று எண்பது ரொட்டிக்கு மாவு உருட்டி, வெண்ணெய் தடவி, சர்க்கரைப் பாகு ஊற்றினேன். ஒரு மணிக்கு எல்லோரும் போனபின், மளிகை வைக்கும் அறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து நான்கு தின்றேன். நாலாவது ருசிக்கவே இல்லை. அதையும் தின்றேன்.

சாயங்காலம் இரண்டு தடவை பயிற்சி செய்தேன். ஷேனா, "உங்க உடம்பு நீங்க சொல்றதைக் கேக்கும்" என்றாள். என்னுடையது கேட்பதில்லை. நாற்பத்தேழு வருடமாகக் கேட்டதில்லை.

பிப்ரவரி 12, புதன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

லைல் இன்று பனி தள்ளும் வண்டியிலிருந்து இறங்கி வந்து, கறியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டி இரண்டைத் தின்றான். கூடவே பால். அதன் பின்னும் ஏலக்காய் ரொட்டி. கல்யாணம் ஆனபோது 165, இப்போதும் 165. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. ரத்த வகை O. யாருக்கும் கொடுக்கலாம். எனக்குத் தெரியும், அவனுடைய ஓட்டுநர் உரிமத்தோடு ரத்த வகை எழுதிய அட்டையைப் பார்த்திருக்கிறேன்.

அவன் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற விஷயமா இது? உப்பை எடு என்கிற மாதிரியா?

ஆனால் அவன் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கோஸ் சூப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நினைப்பு வருகிறது. வந்துவிட்டுப் போவதும் இல்லை.

தினமும் விடியுமுன் அவன் வேலைக்குக் கிளம்பும்போது எனக்கு இரண்டு முட்டை அவித்து உரித்து வைத்துவிட்டுப் போகிறான். அதையும் எழுத வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

வெஸ்லிக்கு இன்று டயாலிசிஸ் நாற்காலியிலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நிறுத்தினான். உதடு வெள்ளையாகிவிட்டது. நர்ஸ்கள் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கினார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் தள்ளித்தான் நின்றேன். வேறென்ன செய்ய? கையில் அவனுடைய தொப்பி இருந்தது.

கண் திறந்ததும், "எங்க விட்டேன்?" என்றான்.

228.

மார்ச் 5, புதன்

வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்த எடையோட சிமெண்டுத் தரையில குதிக்கச் சொன்னது யாரு?" என்றார். ஆறு வாரம் குதிக்கக் கூடாதாம். எடை குறைத்தால் முழங்கால் சரியாகிவிடும் என்றார். எடை குறைக்கத்தான் குதித்தேன் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

டிவியை அணைத்துவிட்டேன். முடியல. என்னால முடியல, அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

எட்டு நாள் எதையும் எழுதவில்லை. எட்டு நாளும் தின்றேன்.

நேற்று வெஸ்லியை இங்குள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையிலிருக்கிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் செய்கிறார்கள். காய்ச்சலும் இருக்கிறது. நான் போனபோது ஒரு துண்டு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு சின்னக் கோப்பை. ஐஸாக இருந்தால் நெடுநேரம் வருமாம்.

"குழாயை மாத்தி மாத்தி எத்தனை இடத்துல போடுவாங்க?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"இடம் இருக்கிற வரைக்கும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. களைத்திருந்தார்.

சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவன் பெயர் இருக்கிறது. நான்கு வருடம், ஐந்து வருடம். அதற்குள் எத்தனை இடம் மிச்சமிருக்கும்?

வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன். 233. இரண்டரை மாதத்தில் ஐந்து பவுண்டு.

டிவியைப் போட்டேன். முதல் நாளிலிருந்து. குதிக்க வேண்டிய இடத்தில் நான் நடக்கிறேன். தரையில் விழ வேண்டிய இடத்தில் துணி துவைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு சாய்கிறேன். ஷேனா "சாக்குப்போக்கு வேணாம்" என்று சொல்லும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

223.

காலையில் ஒரு பயிற்சி, பள்ளி விட்டு வந்து ஒன்று. முழங்காலுக்குக் கீழே ஜானெல் கொடுத்த பழைய யோகா மெத்தை. கனவில்கூட எண்ணிக்கொண்டிருக்கிறேன் போல — காலையில் லைல், "நீ தூக்கத்துல பதினாலு, பதினஞ்சுன்னு சொல்ற" என்றான்.

வெஸ்லி வீட்டுக்கு வந்துவிட்டான். குழாய் இன்னும் கழுத்தில். குளிக்க முடியாது, சானா என்கிற நீராவி அறையில் உட்கார முடியாது. எங்கள் ஆட்களிடமிருந்து சனிக்கிழமை சானாவைப் பிடுங்கினால் என்ன மிச்சம்? அவன் என்னைப் பார்த்து, "முகம் சின்னதாயிடுச்சு. அம்மா மாதிரி இருக்க" என்றான். அவனுக்கு அது பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

212. இன்று பள்ளிச் சமையலறையில் விழுந்துவிட்டேன். காலையிலிருந்து ஒரு முட்டைதான் உள்ளே போயிருந்தது. ஜானெல் ஆரஞ்சுச் சாறு ஊற்றினாள். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு யாரு இருக்கா?" என்று திட்டினாள். சரிதான். ஆனால் சாறு குடித்தபோது அதில் எவ்வளவு சர்க்கரை என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

மே 31, சனி

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். இன்று 204 சொச்சம். அந்தச் சொச்சம் அசையவில்லை. மதியம் சானாவை மூட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. தலை சுற்றி வெளியே வந்தால், வாசற்படியில் வெஸ்லி. இன்று மட்டும் அவனை வேனில் போய்வரச் சொல்லியிருந்தேன்; வேன்காரரிடம் சொல்லி இங்கே இறங்கியிருக்கிறான்.

"அக்கா, தண்ணி குடிக்கக் கூடாதவன் நான். நீ ஏன் குடிக்காம இருக்க?"

அவனே உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்தான். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தொண்டையில் இறங்குவதை, ஒவ்வொரு மடக்காக. பாதியில் நிறுத்தினேன்.

"முழுசும் குடி" என்றான்.

ஜூன் 4, புதன்

203. நடீன் இரண்டு தடவை பார்த்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். நேரில் அவள் சின்னப் பெண், போனில் கேட்கிற குரலுக்கு ஏற்ற வயதில்லை.

நேற்றும் இன்றும் பரிசோதனைகள். பதினெட்டுக் குப்பி ரத்தம். இதயப் படம், நெஞ்சுப் படம், வயிற்றுப் படம். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். மனநலம் பார்க்கிற ஒரு அம்மாள், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் என் தம்பி என்றேன். அதற்குமேல் எதையோ எதிர்பார்த்தவள் போல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் லைல் ஓட்டினான். நான் கையை விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டே வந்தேன். இடது பக்கம்தான் எடுப்பார்களாம்.

ஜூன் 11, புதன்

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. டாக்டரே போனில் பேசினார். அந்தச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பின் எடுத்த ரத்தம். சர்க்கரை வியாதியின் வாசலில் நிற்கிறேனாம். அம்மாவுக்கு இருந்தது, தம்பிக்கு இருக்கிறது, எனக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். "ஒரே ஒரு கிட்னியோட உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார்.

இன்னும் குறைக்கிறேன் என்றேன். இன்னும் முப்பது வேண்டுமானாலும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கார்லா, நீங்க இந்த எடையைக் குறைக்காம இருந்திருந்தா இந்நேரம் உங்களுக்கு முழுசா சர்க்கரை வந்திருக்கும். உங்களை நீங்களே காப்பாத்திக்கிட்டீங்க. அதை மறக்காதீங்க."

நன்றி என்றேன். எதுக்கு நன்றி? யாரு கேட்டா இதை? நான் எனக்காகவா குதித்தேன்?

சாப்பாட்டு மேசையில் லைல், "சரி, வேற வழி பார்ப்போம்" என்றான். உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே சொன்னான். அவ்வளவுதான். அதற்குமேல் என் வாயில் வந்ததை நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என்ன சொன்னேன் என்று எழுதிவைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

"பதினஞ்சு வருஷமா அவனோட மீன் பிடிக்கப் போற. அவன் செத்துட்டா உனக்குப் படகுல காலை நீட்ட நல்ல எடம் கெடைக்கும்" என்றேன்.

லைல் கத்தியை வைத்துவிட்டான்.

"எனக்குப் பயமா இருக்கு, கார்லா. ஜனவரியிலேருந்து தினமும் போனை எடுக்கறேன். கையெல்லாம் வேர்க்குது, வச்சுடறேன். மயக்க மருந்து கொடுத்தா நான் திரும்ப எழுந்திருக்க மாட்டேன்னு தோணுது. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியாது. அவ்வளவுதான்."

ஐந்து மாதமாக முட்டை உரித்து வைத்தது ஏன் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து நிலவறைக்குப் போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் 14, சனி

வெஸ்லியிடம் சொன்னேன். டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போதே சொன்னேன், எழுந்து போக முடியாத இடம் என்பதால். கோழைத்தனம்தான்.

மெஷினைப் பார்த்தான். பிறகு, "அப்போ உனக்குச் சர்க்கரை வராது?" என்றான்.

"இப்போதைக்கு வராதாம்."

"நல்லதுதானே. நம்ம வீட்டுல ஒருத்தராவது." கண்ணை மூடிக்கொண்டான். "நான் தூங்கறேன் அக்கா."

அவன் தூங்கவில்லை. கண்ணிமை அசைந்துகொண்டே இருந்தது. நாலு மணி நேரமும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 16, புதன்

லைல் தெற்கே சாலைப் பணிப் பயிற்சிக்கு என்று இரண்டு நாள் போயிருக்கிறான். நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி. காலையில் பயிற்சி செய்தேன். எதற்கு என்று தெரியாமல் செய்தேன். வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை ஐந்து மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. நடீன். குரல் கேட்டதும் ஒரு நினைப்பு — முடிவை மாற்றிவிட்டார்களோ? "கார்லா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, "லைல் இருக்காரா?" என்றாள்.

லைல் கொல்லையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தான். போனை நீட்டினேன். அவன் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டான். "சரி, செப்டம்பர்" என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"எப்போ ஆஸ்பத்திரிக்குப் போன?" என்றேன்.

"ஜூலையில."

"சாலைப் பயிற்சி?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு அப்புறம் முடியாமப் போச்சுன்னா?"

சோளத்தின் நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"பயம் போயிடுச்சா?"

"இல்ல."

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்றால் நடீனிடம் மட்டும் சொன்னால் போதும், உடம்பு ஒத்துவரவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், வெஸ்லிக்குக்கூடத் தெரியாது என்றேன். எனக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"தெரியும். தனியா ஒரு ரூமுல வச்சு மூணு தடவை கேட்டாங்க. யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவனை இதில் தள்ளிவிட்டது நான்தானே.

வெஸ்லியிடம் லைலே போய்ச் சொல்லியிருக்கிறான். வெஸ்லி போனில் அழுதான். "உன் புருஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, அக்கா, அவனைத் தடுத்து நிறுத்து" என்றான். அடுத்த நொடியே, "நிறுத்திடாத" என்றான்.

யாரை நிறுத்துவது, யாரை நிறுத்தாமல் இருப்பது? ஒன்றும் என் கையில் இல்லை. என் கையில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் ஜூனிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை 7.10. லைலை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். விரலில் அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. பயப்படாதே என்று நான் சொல்ல வேண்டும். அவன்தான், "காருக்கு மூணாவது மாடி, நீலக் கம்பத்துக்கிட்ட. மறந்துடுவ, எழுதிக்க" என்றான். எழுதிக்கொண்டேன்.

8.40. வெஸ்லியையும் கொண்டுபோனார்கள். அவனுக்குக் கை ஆட்டினேன். அவன் பார்த்தானா தெரியாது.

10.15. உட்கார்ந்திருக்கிறேன். இந்த அறையில் இருப்பவர்களில் நான்தான் திடமாக இருக்கிறேன் போலும். 196 பவுண்டு. நாடித்துடிப்பு ஓட்டக்காரிக்கு இருப்பது மாதிரி என்று போன மாதம் டாக்டர் சொன்னார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இரண்டு பேரையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

11.50. லைலை இன்னும் தைக்கவில்லை என்றார்கள். கொஞ்சம் ரத்தம் போயிற்றாம். "கவலைப்படற மாதிரி இல்ல." அப்படியென்றால் எதற்குச் சொன்னார்கள்?

12.30.

1.20. வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கண் திறந்தானாம். என் பெயரைச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டானாம்.

3.05. வெஸ்லிக்கு வைத்து முடித்துவிட்டார்கள். மேசையிலேயே சிறுநீர் வந்துவிட்டது என்று அறுவை செய்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு விட்டுவிட்டேன். சட்டை கசங்கிவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

வெஸ்லி மருத்துவமனைப் பக்கத்தில் எடுத்திருக்கும் அறையிலிருந்து தினமும் காலையில் போன் செய்கிறான். நலம் விசாரிக்க அல்ல, கணக்குச் சொல்ல. "இன்னைக்கு ரெண்டே கால் லிட்டர், அக்கா." ஒன்றரை வருடம் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வராதவன். காபி குடிக்கிறான், தர்ப்பூசணி தின்கிறான், இரண்டு டம்ளர் பாலை நிறுத்தாமல் குடித்தானாம். லைலிடம் கொடு என்கிறான். கொடுத்தால் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

லைல் இன்னும் குனிந்துதான் நடக்கிறான். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்கிறான். ஒரு பால் கேனைக்கூடத் தூக்கக் கூடாது. பனிக்காலம் தொடங்குமுன் வேலைக்குப் போய்விடுவான் என்றார்கள், அதிலும் இப்போது சந்தேகம் சொல்கிறார்கள். உள்ளே ஓரிடத்தில் நீர் கட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும். அவன் எடை 151. முட்டையை நான் அவிக்கிறேன். பாதியை வைத்துவிடுகிறான்.

இன்று அவன் சோபாவில் இருந்தபோது கேட்டுவிட்டேன். இரண்டு மாதமாக வாயில் வைத்திருந்தது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கலைன்னா, நீ போயிருப்பியா?"

வேறு யாராக இருந்தாலும் உடனே ஆமாம் என்றிருப்பார்கள். லைல் யோசித்தான்.

"தெரியல" என்றான். பிறகு, "போயிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

நான் தலையை ஆட்டினேன். கையை நீட்டினான், எழுப்பிவிடச் சொல்லி. தினமும் நான்கு தடவை நடக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. கோட்டை மாட்டிவிட்டேன். தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்வரலாம் என்று கிளம்பினோம்.

ஏதோ நினைவில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் பக்கத்து வீட்டு வேலி அருகிலேயே இருக்கிறான், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி.

"மெதுவா, கார்லா" என்றான்.

நின்றேன். அவன் வந்து சேரும் வரை நின்றேன்.